‘சுத்த கெல்ட்’ ஐரிஷ்காரரைத் தேடாதீர்கள்

அயர்லாந்தின் புனித பேட்ரிக் நாளான மார்ச் 17 நெருங்கினால் போதும், ‘ஐரிஷ்காரர்கள் கெல்டிக் இனம்’ என்ற வரி எங்கு பார்த்தாலும் ஓட ஆரம்பிக்கும். கெல்டிக் என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். 1707ல் எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ் அறிஞர் ஐரிஷும் வெல்ஷும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் இந்த மக்கள் மேல் ஒட்டிக்கொண்டது. மொழியை வைத்து ரத்தத்தைக் கணிக்கும் பழக்கம் நமக்கும் உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடி அடுக்கு வேட்டையாடிகள். டெர்ரி மாவட்டத்து மவுண்ட் சாண்டலில் கி.மு. 7700 வாக்கில் குடிசை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு கி.மு. 4000ஐ ஒட்டி உழவர்கள் வந்தார்கள். அவர்களின் பூர்வீகம் இன்றைய துருக்கிப் பக்கம், அனடோலியா. பெல்பாஸ்ட் அருகே பாலினஹாட்டியில் 1855ல் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்பு சுமார் 5,200 ஆண்டு பழையது. கறுத்த முடி, பழுப்புக் கண். இன்று உயிரோடு இருப்பவர்களில் அவருக்கு மரபணுவில் நெருக்கமானவர்கள் ஐரிஷ்காரர்கள் இல்லை, தெற்கு ஐரோப்பியர்கள், அதிலும் சார்டினியாக்காரர்கள்.

ராத்லின் தீவில் 2006ல் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் வண்டிப்பாதை வெட்டும்போது வெண்கலக் காலத்து ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. மூவரின் மரபணுவைப் படித்தார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருங்கடலுக்கு வடக்கே உள்ள ஸ்டெப்பி புல்வெளியிலிருந்து வந்தது. இந்த மூவரும் இன்றைய ஐரிஷ், ஸ்காட், வெல்ஷ் மக்களை ஒத்திருக்கிறார்கள். அதாவது கலவையின் பெரும்பகுதி சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ‘கெல்ட்’ என்றதும் நாம் கற்பனை செய்யும் இரும்புக்காலம் அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு பிந்தியது.

2000களின் தொடக்கத்தில் எல்லோரும் நம்பிய கதை வேறு. அயர்லாந்தின் மேற்கே கொனாக்ட் மாகாணத்தில் கேலிக் (பழைய ஐரிஷ் மொழி) குடும்பப்பெயர் உள்ள ஆண்களில் சுமார் 98 சதவீதம் பேரிடம், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் ஒரே பிரிவு (ஆர்1பி). ஸ்பெயினின் பாஸ்க் மக்களிடமும் அதுவே அதிகம். ஆகவே ஐரிஷ்காரர்கள் பனியுகத்தில் ஐபீரியாவில் ஒதுங்கியவர்களின் வாரிசுகள் என்றார்கள். ஸ்பெயினிலிருந்து மீலின் மக்கள் வந்ததாகச் சொல்லும் இடைக்கால ஐரிஷ் புராணத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. தப்பு நடந்த இடம் இதுதான்: இன்று வாழ்பவர்களிடம் ஒரு பிரிவு எவ்வளவு அதிகம் என்பதை வைத்து அது எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. உள்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பில் டி.என்.ஏ. நன்றாகத் தங்கும் என்று தெரிந்து, பழைய எலும்புகளை நேரடியாகப் படிக்கத் தொடங்கிய பிறகு கதை கவிழ்ந்தது. பாஸ்க் பக்கமும் சரி, அயர்லாந்திலும் சரி, அந்தப் பிரிவு வெண்கலக் காலத்தை ஒட்டி ஸ்டெப்பி வழியில் வந்ததுதான்.

அடுத்து வைக்கிங்குகள், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகள். 795ல் முதல் தாக்குதல், 841ல் டப்ளினில் கோட்டை. ஆனால் அவர்களின் நார்ஸ் மொழியில் வேர் கொண்ட குடும்பப்பெயர் உள்ள ஆண்களைச் சோதித்தபோது ஒய் குரோமோசோமில் ஸ்காண்டிநேவியத் தடயம் சொற்பமே. 2017ல் வந்த ஐரிஷ் டி.என்.ஏ. அட்லஸ் ஆய்வு முழு மரபணுவையும் பார்த்தது. அதில் நார்வே சாயல் கணிசமாகத் தெரிந்தது. இரண்டும் முரண் போலத் தோன்றும். ஆனால் கப்பல்கள் இரண்டு திசையிலும் போயின, அடிமைகளோடு. ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்தவர்கள். ஆகவே சாயல் இருக்கிறது என்றால், யார் யாரிடம் போனார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நார்மன்கள் 1169ல் வெக்ஸ்ஃபோர்டில் இறங்கினார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட், பர்க் எல்லாம் அவர்கள் விட்டுப்போன பெயர்கள். ‘வால்ஷ்’ என்றால் வேல்ஸ்காரன் என்றே பொருள். பெயர்களில் தெரியும் அளவுக்கு ரத்தத்தில் அவர்கள் தனியாகத் தெரிவதில்லை.

வடக்கு மாகாணமான அல்ஸ்டர் மட்டும் வேறு. 1609க்குப் பிறகு ஸ்காட்லாந்து, இங்கிலாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து நிலம் கொடுத்தார்கள். அதே அட்லஸில், கொள்ளுப்பாட்டன் பாட்டிகள் எட்டுப் பேரும் 50 கிலோமீட்டருக்குள் பிறந்தவர்களாக இருப்பவர்களை மட்டும் எடுத்துப் பிரித்தபோது பத்துக் குழுக்கள் வந்தன. ஏழு கேலிக் ஐரிஷ். மூன்று ஐரிஷும் பிரிட்டிஷும் கலந்தவை, பெரும்பாலும் அல்ஸ்டரில்.

கறுத்த முடி ஐரிஷ்காரர்களுக்கு 1588ல் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஸ்பானிய மாலுமிகள் காரணம் என்று ஒரு கதை உண்டு. கரைசேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய சிலரால் ஒரு நாட்டின் முடி நிறம் மாறாது.

பூர்வீகம் அறிய எச்சில் பரிசோதனைக் குப்பி வாங்குபவர்களுக்கு: அதில் வரும் ‘ஐரிஷ் 87%’ என்பது அந்த நிறுவனம் வைத்திருக்கும் மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்ட மதிப்பீடு. தொகுப்பை மாற்றினால் எண்ணும் மாறும், உங்கள் பாட்டி மாறமாட்டார். பத்துத் தலைமுறைக்கு மேலே 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் பலரின் டி.என்.ஏ. ஒரு துளிகூட உங்களிடம் வந்திருக்காது. ஆகவே 1169 நார்மன் பாட்டனை அதில் தேடாதீர்கள்.

சதவீதத்தை விட்டுவிட்டு சி282ஒய் என்ற மரபணு மாற்றத்தைப் பாருங்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால் உடல் இரும்பை அளவுக்கு மீறிச் சேர்த்து ஈரலைக் கெடுக்கலாம். ஐரிஷ்காரர்களில் சுமார் 83 பேரில் ஒருவருக்கு இந்த இரட்டைப் பிரதி உண்டு. ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் இரும்பு கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மருத்துவம், அவ்வப்போது சுமார் அரை லிட்டர் ரத்தம் எடுப்பது. ராத்லின் தீவில் கிடைத்த மூவரில் ஒருவரிடமும் இதே மாற்றம் ஒரு பிரதி இருந்தது.