பொபினி நிலையத்தை வெறுமையாகவே விடுங்கள்

பாரிசின் வடகிழக்குப் புறநகரில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குப் பொபினி என்றால் பிரிபெக்சர் என்கிற அரச அலுவலகம்தான். வதிவிட அட்டை எடுக்கவும் புதுப்பிக்கவும் அங்கேதான் போவோம். லாக்கூர்னெவில் முதலாம் இலக்க ட்ராம் ஏறி எத்தனையோ தரம் போய்வந்திருக்கிறேன், அந்தப் பாதையில் இருந்து சில நிமிட நடையில் ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கிறது என்று ஒருதரமும் யோசித்ததில்லை. போன கோடையில் மகள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

1943 ஜூலையில் இருந்து 1944 ஆகஸ்ட் வரை, அந்த ஒரு நிலையத்தில் இருந்து ஏறக்குறைய 22,500 யூதர்களை, அப்போது பிரான்சைப் பிடித்து வைத்திருந்த நாசிகள் ஏற்றி அனுப்பினார்கள். 21 ரயில்கள். பெரும்பாலானவை போலந்தில் இருந்த அவுஸ்விட்சு கொலைமுகாமுக்கு. அதற்கு முன் லெ பூர்ஜே நிலையத்தில் இருந்துதான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிடித்த யூதர்களை அடைத்து வைத்திருந்த திரான்சி முகாமின் பொறுப்பு, அலோயிஸ் புருனர் என்ற நாசி எஸ்.எஸ். படை அதிகாரியின் கைக்கு வந்த பிறகு பொபினிக்கு மாற்றினார்கள். அங்கே பயணிகள் சேவை 1939-லேயே நின்றுபோயிருந்தது, பின்பக்கம் சரக்கு ஏற்றுகிற பெரிய முற்றம், ஆள் பார்வை குறைவு. ஒளித்துச் செய்ய அதைவிட வசதியான இடம் வேறென்ன?

1944 ஏப்ரல் 13 அன்று புறப்பட்ட ரயிலில் சிமோன் வெய் இருந்தார், பின்னாளில் பிரான்சின் சுகாதார அமைச்சரானவர். அப்போது வயது 16, கூடவே தாயும் அக்காவும். தாய் திரும்பி வரவில்லை. இசியூ என்ற கிராமத்தில் ஒரு வாரத்துக்கு முன் பிடித்த 44 யூதப் பிள்ளைகளில் 34 பேரும் அதே ரயிலில்தான் போனார்கள். ஜூலை 31-ல் போன இன்னொரு ரயிலில் 300க்கு மேற்பட்ட பிள்ளைகள். பாரிஸ் விடுதலையானது ஆகஸ்ட் 25. நான்கு கிழமை கூட இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கை ஓடவில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் வேறு. போய்வந்து படம் போட்டபோது ஒரு நண்பர் கேட்டார்: வீட்டுக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள ஊரில் இத்தனை பெரிய காணியைப் புல் முளைக்க விட்டு வைப்பதா, ஒரு நினைவுக்கல் போதாதா என்று. வீட்டுப் பிரச்சினை எனக்கும் தெரியும், இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அவர் சொல்வது பிழை. ஏனென்றால் அங்கே நடந்தது என்னவென்று அந்த வெறும் நிலம்தான் காட்டுகிறது. திரான்சி முகாமில் இருந்து ஆட்களைக் கொண்டு வந்தது பாரிஸ் நகரத்தின் சாதாரணப் பேருந்துகளில். பேருந்து அந்த முற்றத்துக்குள் வந்து திரும்பி நிற்கும், இறங்கினால் கொஞ்ச அடி தூரத்தில் சரக்குப் பெட்டி. அந்தத் தூரத்தை மகளோடு நடந்து பார்த்தேன், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அதில் வீடு கட்டினால் அந்தத் தூரம் போய்விடும். பெரிய சிலை ஒன்றை நட்டாலும் போய்விடும், எல்லாரும் சிலையைத்தான் பார்ப்பார்கள்.

அங்கே இருந்தது நேர அட்டவணையும் சிக்னலும் சாரதியும்தான். ஜெர்மன் எல்லை வரை ரயிலை ஓட்டியவர்கள் பிரெஞ்சுச் சாரதிகள். பெட்டிகளில் இருந்து எறிந்த கடிதங்களைத் தண்டவாளத்தில் பொறுக்கி, தபாலில் சேர்த்து, உறவுகளின் கைக்குக் கிடைக்கச் செய்தவர்களிலும் ரயில்வே ஊழியர்கள் இருந்தார்கள். இரண்டும் ஒரே ரயில்வேயில் நடந்தது. 2011 ஜனவரியில் பிரெஞ்சு ரயில்வேயான எஸ்.என்.சி.எஃப்.-இன் அப்போதைய தலைவர் கியோம் பெப்பி இதே இடத்துக்கு வந்து வருத்தம் தெரிவித்தார், நிலத்தை நகரசபையிடம் கையளித்தார்கள். பிந்தித்தான், மிகவும் பிந்தித்தான். ஆனால் அதை ஒரு மாநாட்டு மண்டபத்தில் சொல்லாமல் அந்த மண்ணில் நின்று சொன்னது சரி என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள், 2005 வரை, அந்த நிலம் பழைய இரும்புக் கடையாக இருந்தது. கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், இரும்புக் குவியல் கிடந்தபடியால்தான் யாரும் அதில் மாடி கட்டவில்லை. தற்செயலாகத் தப்பிய இடம் அது. இப்போது தெரிந்தே காப்பாற்றியிருக்கிறார்கள், 2023-ல் நினைவிடமாகத் திறந்தார்கள், புல்லையும் புதரையும் அடியோடு வெட்டித் தள்ளாமல்.

அடுத்த தரம் அட்டை விஷயமாகப் பொபினிக்குப் போகிறவர்கள், எஸ்காத்ரிய் நோர்மந்தி-நியேமென் தரிப்பில் இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த முற்றத்தில் பேருந்து நின்ற பக்கத்தில் இருந்து தண்டவாளம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.