எரிந்த கூரை என்றாலே தாக்குதலா?
அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பழங்குடிகளான ஹோப்பிகளின் பழைய கிராமம் ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். எரிந்த அறைகள் கிடைத்தாலே அந்தக் கிராமம் தாக்கப்பட்டது என்று அது முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கீவா என்னும் நிலத்தடிச் சடங்கு அறையின் கூரையில் மர உத்திரங்களுக்கு மேல் கனமாக மண் போட்டிருப்பார்கள். ஒரு பொறி விழுந்ததும் பற்றிக்கொள்ளாது. ஊரை விட்டுப் போகிறவர்களே பொருள்களை எடுத்துவிட்டு, சடங்காக எரித்து மூடியதும் உண்டு. அதனால் கரியைவிட, தரையில் என்ன கிடந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சரி, 1700-இல் அழிந்த அவட்டோவி என்ற ஹோப்பி ஊரில் நடந்தது தாக்குதல்தான். ஆண்கள் கீவாவுக்குள் இருந்தபோது ஏணியை உருவிவிட்டுத் தீ வைத்ததை ஹோப்பிகளின் வாய்மொழி வரலாறே சொல்கிறது. வைத்தவர்களும் பக்கத்து ஹோப்பி ஊர்க்காரர்கள்தான், அதுதான் மனதைப் பிசைகிறது. ஆனால் எரிந்த எல்லா ஊருக்கும் அதே கதையைப் பொருத்துவது நியாயமில்லை.