கிணற்றில் ஊற்றிய இ.எம். கரைசல்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பொதுக்கிணற்றில் நடந்ததைப் பற்றி ஒரு வரி போட்டதற்கே இவ்வளவு கோபமா? சரி, முழுசாகவே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் சாக்கடை கலந்த கிணற்றில் சிலர் இ.எம். கரைசலை, அதாவது நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் கலந்த கரைசலை, ஊற்றிவிட்டு, "இனி தைரியமாகக் குடிக்கலாம்" என்று சொன்னது தப்பு. கரைசலைக் குறை சொல்லவில்லை. அந்த அறிவிப்பைத்தான் சொல்கிறேன்.

நுண்ணுயிரி என்றாலே எனக்கு ஆகாது என்று எழுதிய தம்பிக்கு: மாடித் தோட்டத்துக்கு வெல்லம் கலந்து இதே கரைசலைப் பெருக்கி ஊற்றுகிறவள் நான். லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட் எல்லாம் அதில் உண்டு. குப்பையை மட்க வைக்கும், நாற்றத்தைக் குறைக்கும். டைஃபாய்டு, மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கு அதை நம்பக் கூடாது. நாற்றம் போய்விட்டால் நோயும் போய்விட்டது என்று யார் சொன்னது?

2015 வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுச் சம்ப்பில் தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. வாடையே இல்லை. அப்பா அதில்தான் வாய் கொப்பளித்தார். சில வாரங்களில் கண்ணெல்லாம் மஞ்சள். சோற்றைப் பார்த்தாலே குமட்டல். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்தவளிடம் வந்து "நெகட்டிவாகப் பேசாதீங்க அக்கா" என்கிறீர்கள்.

தாய்லாந்தில் செய்தார்களே என்கிறார் ஒருவர். செய்தார்கள்தான். 2011 வெள்ளத்தில் தேங்கிய நீரில் இ.எம். உருண்டைகளை வீசினார்கள். உருண்டையிலுள்ள தவிடும் வெல்லப்பாகும் மட்கும்போது நீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும் என்று அந்த ஊர் விஞ்ஞானிகளே எச்சரித்தார்கள்.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா உண்டே என்றால், உண்டு. ஆனால் 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னை எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்த எண்ணெயை மீனவர்கள் வாளியில் அள்ளினார்கள். அள்ள வேண்டியதை அள்ளிய பிறகுதான் பாக்டீரியாவுக்கு வேலை.

இன்னொன்று. முந்தின நாள்தான் அதே கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டோம். குளோரின் உங்கள் நுண்ணுயிரியைக் கொல்லும். உங்கள் வெல்லக் கரைசல் குளோரினைச் செலவழித்துத் தீர்த்துவிடும். இரண்டுமே வீண். இதை அங்கேயே சொன்னேன். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

நல்லெண்ணத்தில் செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழைநீர் வடிகாலில் கழிவுநீரை இணைத்திருப்பதைப் பற்றி மனு எழுதி வீடு வீடாகப் போனபோது இந்த நல்லெண்ணம் எங்கே இருந்தது? பாதி வீடுகளில் கதவே திறக்கவில்லை. வருஷா வருஷம் அந்தச் சாக்கடைதான் கிணற்றுக்குள் இறங்குகிறது.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். 100 மில்லியில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் குடிநீருக்கான இந்தியத் தரம். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.