ஓவர்டிரைவ் இருந்தால் எந்த எஞ்சினும் பொருந்துமா?

"ஓவர்டிரைவ் உள்ள பழைய காரில் எவ்வளவு பெரிய எஞ்சினையும் மாற்றலாம், இழுவை கூடும்" என்று காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. கியர்பெட்டியோடு சேர்ந்த கூடுதல் கியர் அமைப்பான ஓவர்டிரைவ் இழுவையைக் கூட்டுவதில்லை. அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைப்பதே அதன் வேலை. லேகாக் என்ற வகை ஓவர்டிரைவில் ஒரு கூம்பு கிளட்சை எண்ணெய் அழுத்தமே பிடித்து நிறுத்துகிறது. எஞ்சினின் முறுக்குவிசை (சுழற்றும் விசை) அளவு மீறினால் அது வழுக்கித் தேயும். கீழ்க் கியர்களில் முறுக்குவிசை பெருகுவதால்தான், 3,528 சிசி எஞ்சினுடன் வந்த எம்ஜிபி ஜிடி வி8 என்ற பிரிட்டிஷ் காரில், முதலில் மூன்றாம், நான்காம் கியர்களில் இயங்கிய ஓவர்டிரைவைத் தயாரிப்பாளரே பின்னர் நான்காம் கியரோடு நிறுத்திக்கொண்டார். வீட்டு முகப்பில் உறைபோட்டுக் காத்த ஐயா காலத்து வண்டியின் எஞ்சினை மாற்றினால் இன்னொரு இழப்பும் உண்டு: 2021 விதிகளின்படி, 50 ஆண்டு கடந்தும் அசல் நிலை மாறாத வண்டிக்கே விண்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவு கிடைக்கும்.