வாத்தியாருக்கு நினைவு மலர் போடுவதற்கு முன்னால்

முப்பது முப்பத்தைந்து வருடம் ஒரே பள்ளியில் பாடம் எடுத்த வாத்தியார் மறைந்துவிட்டால் ஊர் சும்மா இருப்பதில்லை. அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழு, மறுநாள் ஃப்ளெக்ஸ், பதினாறாம் நாளுக்குள் படத்திறப்பு. இதெல்லாம் வேண்டியதுதான். கூடி அழ ஓர் இடம் வேண்டும். ஆனால் வசூலில் பெரும்பகுதி பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. அவர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படாமலே போகிறது. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானது 1876இல். அவரிடம் படித்த உ.வே.சா. அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934இல். மாணவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டைத் தாண்டிவிட்டது. பிள்ளையவர்கள் பாட்டைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிய காட்சி இன்றைக்கும் நம் கண்முன் நிற்கிறது என்றால், அந்த மாணவர் உட்கார்ந்து எழுதியதால்தான்.

அப்படி எழுதி வைக்கத்தான் வாத்தியார் நினைவாக ஒரு புத்தகம், நினைவு மலர், போடுகிறோம். ஆனால் அந்த மலர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி கெட்டுப்போகின்றன. முதல் இருபது பக்கம் பிரமுகர்களின் வாழ்த்துச் செய்தி. பிறகு நாற்பது கட்டுரை, நாற்பதிலும் ‘கண்டிப்பானவர், ஆனால் பாசமானவர்’. எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. “சாரைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் அதுதான் வரும். கேள்வியை மாற்றுங்கள். எந்தப் பாடம்? கரும்பலகையில் என்ன வரைந்தார்? தப்பாகச் சொன்னவனிடம் அடுத்து என்ன கேட்டார்? விடைத்தாளில் சிவப்பு மையில் என்ன எழுதுவார்? அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் எது? ஒருவருக்கு 300 சொல் போதும். எழுத வராதவரைப் போனில் பேசச் சொல்லிப் பதிவு செய்து, வேறொருவர் எழுதிக்கொள்ளலாம். மாணவர்கள் மட்டும் போதாது. ஆய்வகத்தில் உதவியாக இருந்தவர், அலுவலக உதவியாளர், பக்கத்து வகுப்பு டீச்சர் ஆகியோரிடம் மாணவர்களுக்குத் தெரியாத செய்தி இருக்கும்.

தேதிகளை ஞாபகத்திலிருந்து போடாதீர்கள். குடும்பத்திடம் ஓய்வூதியப் புத்தகம் இருக்கும்; பிறந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி இரண்டையும் அதில் பாருங்கள். அந்தத் தலைமுறையில் சான்றிதழ் தேதி ஒன்று, உண்மையான பிறந்தநாள் வேறு என்பது சாதாரணம். இரண்டும் வேறாக இருந்தால் இரண்டையும் அச்சிடுங்கள். ஓய்வு பெற்ற ஆண்டிலும் குழப்பம் வரும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டியவர்களுக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு, அதனால் வழியனுப்பு விழா தேதி பல மாதம் தள்ளி இருக்கும்.

பழைய குரூப் போட்டோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், ஸ்கேனரில் படத்தின் நுணுக்க அளவை 600 டிபிஐ வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்திலும் நிற்பவர்கள் பெயரை வரிசைப்படி எழுதி வாங்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். அதை முதலிலேயே தொடங்குங்கள்.

அச்சுக்கு டெமி என்கிற புத்தக அளவு போதும். ஒரு பாரம், அதாவது ஒன்றாக அச்சாகி மடியும் தாள், 16 பக்கம்; ஆறு பாரம் என்றால் 96. பக்கங்களைப் பதினாறின் மடங்காகத் திட்டமிடாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும், அல்லது நல்ல கட்டுரை ஒன்றை வெட்ட வேண்டிவரும். பழைய எழுத்துருவில் வந்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஊர்ப்பெயர், இனிஷியல் ஆகியவற்றை மட்டும் தனியாக ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். தன் பெயர் தப்பாக வந்த மாணவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படிக்கமாட்டார்.

மீதிப் பணத்தில் பரிசு அறக்கட்டளை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி வைப்பில் போட்ட ஒரு லட்சத்துக்கு 6.5 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். முழுவதையும் கொடுத்துவிடாமல் 5,000 கொடுத்து 1,500ஐ முதலோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் இருபது வருடத்தில் அந்தப் பரிசுத்தொகைக்கு மதிப்பு இருக்காது. கணக்கைத் தலைமையாசிரியர் ஒருவர் கையெழுத்தில் மட்டும் விடவேண்டாம். அவர் மாறுதலாகிப் போனால் வைப்புச் சீட்டு பீரோவிலேயே தூங்கும். பத்தாண்டு யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம்தான், ஆனால் அலைச்சல் அதிகம்.

இன்னொன்று, மூத்த செட்டிலிருந்து தொடங்குங்கள். 1980இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இப்போதே அறுபது தாண்டிவிட்டது. வாத்தியார் இளைஞராக, மீசை கறுப்பாக, சைக்கிளில் வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான். 2010 செட்டை அடுத்த வருடம்கூடக் கேட்டுக்கொள்ளலாம்.