சனிக்கிழமை வகுப்பால் என்ன ஈடாகிறது?

மழை லீவுக்கு ஈடாகப் பள்ளிகளில் சனிக்கிழமை வகுப்பு வைப்பது பற்றிய அந்தத் தொலைக்காட்சி விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "மழை லீவும் வேணும், சனிக்கிழமை லீவும் வேணுமா இந்த டீச்சர்களுக்கு?" என்று அதில் ஒருவர் கேட்டாரே, அதிலிருந்து மனசு ஆறவில்லை.

மழைக்கு லீவு விட்டது நாங்களா? மாவட்ட ஆட்சியர் விட்டார். விடவேண்டியதுதான், ஒழுகுகிற கட்டடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது. ஆனால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையைப் பிடித்துப் போட்டால் நாள் கணக்கு சரியாகும். படிப்பு சரியாகாது.

எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி, ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர். சனிக்கிழமை வைத்தால் பாதிப் பிள்ளைகள்கூட வருவதில்லை. போன தடவை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பதினொரு மணிக்கு வாசலில் வந்து நின்றான், கையில் காலித் தூக்குப்போசி. "அம்மாவுக்குக் காட்டுல சோறு குடுத்துட்டு வர்றேன் டீச்சர்." அவனை என்ன சொல்வது? வந்த ஏழெட்டுப் பேருக்குப் புதுப் பாடம் நடத்தினால் திங்கட்கிழமை மற்றவர்களுக்கு மறுபடி நடத்த வேண்டும். பழைய பாடத்தையே வாசிக்க வைத்து அனுப்புகிறோம். பதிவேட்டில் ஒரு வேலைநாள் கூடிவிடுகிறது.

"சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாள், 800 மணி நேரம் என்கிறது. தினம் ஐந்து மணி நேரம் நடத்தினாலே 160 நாளில் 800 வந்துவிடும். 2024-25இல் பள்ளிக் கல்வித் துறை 220 நாள் என்று நாட்காட்டி போட்டு, எதிர்ப்புக்குப் பிறகு 210 ஆக்கினார்கள். அதுவே எங்களுக்குப் பத்து நாள் அதிகம். ஆறு முதல் எட்டுக்கு 220 ஆயிற்றே என்றால், சரி, அதைத் தனியாகப் பேசுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை ஏன் சேர்த்து இழுக்கிறீர்கள்?

பள்ளி இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடாவது கிடைக்குமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. சாப்பாட்டுக்காகவே வரும் பிள்ளைகள் எங்கள் பள்ளியிலும் உண்டு. அப்படியானால் சத்துணவுக் கூடத்தைச் சனிக்கிழமையும் திறங்கள், நானே வந்து பரிமாறுகிறேன். பிள்ளைகளின் பசியைச் சொல்லி இந்த வகுப்பை நியாயப்படுத்தாதீர்கள்.

பாட நேரத்தைத் தின்பது மழை மட்டுமா? எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், விவரம் ஏற்ற, சிக்னல் தேடி வகுப்பை விட்டு வெளியே போகிறோம். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். வாக்காளர் பட்டியல் வேலைக்கும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். இதற்கெல்லாம் ஒரு விவாதமும் நடக்கவில்லை. "சம்பளம் வாங்குறீங்கள்ல" என்ற ஒரு சொல்லில் வாயை அடைத்துவிடுகிறார்கள். வலிக்கிறது.

அதே கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேரம், பாடம் தயாரிக்கும் நேரமும் சேர்த்து, என்று சொல்கிறது. எமிஸுக்கும் பட்டியலுக்கும் போகிற நேரத்தை அதில் எங்கே எழுதுவது? முதலில் அதை எண்ணிச் சொல்லுங்கள். அப்புறம் சனிக்கிழமைக்குக் கூப்பிடுங்கள்.