"ஒழுங்கான தமிழ்" பேசத் தெரியாதவனின் குமுறல்

"கொஞ்சம் ஒழுங்கான தமிழ்ல சொல்லுங்களேன், எல்லாருக்கும் புரியணும்ல" என்று இன்று மறுபடியும் ஒருவர் எனக்கு அறிவுரை வழங்கியிருக்கிறார். தனியாக அழைத்துச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கூட்டத்தின் நடுவே, கையில் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு சொன்னார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "அவசரமில்ல, பைய பாத்துக்கிடுவோம்." முதலில் அவருடைய புருவம் உயர்ந்தது. பிறகு தலையை ஒருபக்கம் சாய்த்து, காதில் சரியாக விழாதவரைப் போல "என்னது, பையா?" என்றார். முன்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரித்துவிட்டதே என்பதற்காக, என்ன நடந்தது என்றே அறியாத பின்வரிசையும் சிரித்தது. சிரிப்பு முழுவதுமாக அடங்கும்வரை பெருந்தன்மையோடு காத்திருந்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார். அதன் பிறகுதான் அந்த அறிவுரை. அத்தோடாவது விட்டாரா என்றால் இல்லை, என் வாக்கியத்தைத் தாமே செப்பனிட்டு, "ஸோ, இத ஸ்லோவா ஹேண்டில் பண்ணிக்கலாம்னு சொல்றார், ரைட்?" என்று சபைக்கு எடுத்துரைத்தார். சபையும் புரிந்துகொண்டு தலையாட்டியது. ஒழுங்கான தமிழ் என்பது இதுதான் என்று இத்தனை காலம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"பசையினள் பைய நகும்" என்பது 1098ஆம் குறள். நல்லவேளையாக வள்ளுவர் அந்தக் கூட்டத்திற்கு வரவில்லை. வந்திருந்தால் அவரையும் எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பார்கள். பன்னிரு நிலத்துச் சொற்களையும் திசைச்சொல் என்று பெயரிட்டு, செய்யுளுக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறது தொல்காப்பியம். வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து, கொடுந்தமிழ் எனப்பட்ட பேச்சுத்தமிழுக்கென்றே தனி இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்தார். இவர்கள் யாருக்கும் வராத கூச்சம் ஒலிவாங்கி பிடித்தவருக்கு வருகிறது.

எழுத்துத்தமிழை வீட்டில் யாரும் பேசுவதில்லை. "நான் உணவு உண்டுகொண்டிருக்கிறேன்" என்று அடுக்களையை நோக்கிக் குரல் கொடுப்பவர் எவரும் இல்லை. எல்லோரும் பேசுவது ஏதோ ஒரு வட்டாரத்தின், ஏதோ ஒரு சாதியின், ஏதோ ஒரு வகுப்பின் வழக்குதான். ஆனால் வானொலியும் சினிமாவும் தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரு வழக்கைப் பொதுவாக்கிவிட்ட பிறகு, அதைப் பேசுகிறவர்கள் தங்களுக்கு வழக்கே இல்லை என்றும், அது மற்றவர்களைப் பிடித்த நோய் என்றும் மனதார நம்புகிறார்கள். சினிமாவில் தெற்கத்திப் பேச்சு வந்தால் பின்னாலேயே அரிவாள் வரும். "இன்னா" என்றால் ரவுடி. "ஏனுங்க" என்றால் நகைச்சுவை. ஈழத்தமிழ் என்றால், பேசத் தெரியாதவரைக் கொண்டு பேசவைத்து அதையும் கெடுப்பது. அந்தப் பேச்சுகளில் ஒரு நீதிபதி தீர்ப்பு வாசிப்பதை நான் பார்த்த நினைவில்லை.

கூட்டம் முடிந்ததும் அதே மனிதர் தோளில் கைபோட்டு, "உங்க ஸ்லாங் செம க்யூட், ஆண்டுவிழா நாடகத்துக்கு வந்து பேசுங்களேன்" என்றார். வேடம் என்ன என்று கேட்டேன். திருடனாம்.

மனிதர்கள்தான் இப்படி என்றால் கைப்பேசியின் குரல்தட்டச்சும் அவர்கள் கட்சிதான். அவருக்கு நாகரிகமாக ஒரு மறுப்பை எழுதி அனுப்பிவிட்டு, அந்தக் கொதிப்போடு நண்பருக்கு "நாளைக்கு வாரேன்" என்று சொன்னேன். அது "நாளைக்கு வாரம்" என்று தட்டச்சிட்டு, நான் சுதாரிப்பதற்குள் போயும் சேர்ந்துவிட்டது. எந்த வாரம் என்று பதில் வந்திருக்கிறது.